ஆலைக்குழியில் வலை இறங்கிய நாட்கள்

லெப்பாலா
27 பிப்ரவரி 1994

ஐலா,

"அன்புள்ள" என்று தொடங்கக் கை வரவில்லை. இரண்டு வருடம் முகம் கொடுக்காமல் இருந்துவிட்டு அப்படி எழுதினால் நீயே சிரிப்பாய். கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய கல்லறை மெழுகுவர்த்தி வந்து சேர்ந்தது. முந்தின வருடம் அனுப்பியதோடு அதுவும் விறகுக் கொட்டகை அலமாரியில் இருக்கிறது. ஏற்றவில்லை. உன் அண்ணன் தவுனோ இல்லாத கல்லுக்கு விளக்கு எதற்கு? ஆள் கிடைப்பதற்கு முன்பே இறந்துவிட்டார் என்று கையெழுத்துப் போட்டுக் கல் நட்டவள் நீ. கல்லுக்கு வேண்டியதை நீயே வந்து செய்துகொள்.

சண்டை பிடிக்க இதை எழுதவில்லை. ஊர் எழுதச் சொன்னது. எய்னோ வீட்டுச் சமையலறையில் நேற்று இழுவலைக்காரர்கள் எல்லோரும் கூடினோம். இரண்டு வசந்தமாக ஏரியிலிருந்து வெளியேறும் தண்ணீரில் பாதரசம் ஏறிக்கொண்டே போகிறதாம். சுகாதார அதிகாரி வந்து, மற்ற மீன்களைத் தின்று வளரும் எங்கள் பைக் மீனைச் சாப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் பிடிக்கும் சின்ன முய்க்கு மீனில் ஒன்றுமில்லை என்று அவரே சொன்னார். ஆனால் பட்டணத்துக் கடைக்காரனுக்கு அதெல்லாம் காதில் விழுமா? "லெப்பா ஏரி மீனா, வேண்டாம்" என்கிறான்.

பாதரசம் எங்கிருந்து வருகிறது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். மூடிப்போன காகிதக்கூழ் ஆலை அந்தக் காலத்தில் விட்ட சேறு, ஏரியின் அடிப் பள்ளமான ஆலைக்குழியில் கிடக்கிறது. இத்தனை வருடம் சும்மா கிடந்ததைக் கிளப்புவது யார்? குளிர்காலத்தில் மின்சாரத்துக்காகக் கதவைத் திறந்து திறந்து மூடுகிற அணைதான். வழக்குப் போட்டிருக்கிறோம். பாதரசம் எப்படி வெளியேறுகிறது என்று கணக்குப் போடும் வேலை உன் அலுவலகத்துக்கு, அதுவும் உன்னிடமே வந்திருப்பதாகக் கேள்வி.

"நாத்தனார்தானே? ரெண்டு வரி எழுதிப் போடு. நம்ம ஊர்ப் பொண்ணு நம்ம பக்கம் நிக்காமயா போயிடும்?" என்றார் எய்னோ.

"அந்த ரெண்டு வரியில ஒரு வரி திட்டா இருக்கக் கூடாது, ஹெல்வி" என்றார் எங்களோடு வலை இழுக்கும் வில்யோ. திட்டு மேலேயே வந்துவிட்டது. அவருக்குச் சொல்லிவிடாதே.

உன் அண்ணனைக் கொண்டுபோனதும் அந்த அணைதான். இரண்டு வருடத்துக்கு முன் டிசம்பரில், பனி வலையைத் தாங்குமா என்று கடப்பாரையால் தட்டிக்கொண்டே போனவர், ஏரி குறுகும் இடுக்கருகே, அடியில் ஓடும் நீரால் மெலிந்திருந்த பனி உடைந்து உள்ளே போனார். வலைத்தலைவர் முதலில் நடப்பது எங்கள் வழக்கம். இப்போது முதலில் நடப்பவள் நான். அணையைப் பற்றி உண்மையை எழுது. வேறொன்றும் கேட்கவில்லை.

ஹெல்வி


எஸ்போ
10 மார்ச் 1994

அன்புள்ள அண்ணிக்கு,

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடி படித்தேன். திட்டையும் சேர்த்துத்தான். கல்லைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன், பிறகு கிழித்துவிட்டேன். சரியாக வரவில்லை.

கணக்கு என்னிடம்தான் வந்திருக்கிறது. ஆனால் யார் பக்கமும் நிற்க முடியாது. நின்றால் அந்தக் கணக்கை நீதிமன்றம் குப்பையில் போட்டுவிடும். நான் செய்வதைச் சொல்கிறேன். லெப்பா ஏரியைச் சதுரம் சதுரமாக வெட்டிக் கணினிக்குள் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சதுரத்துக்கும் ஓர் ஆழம், நீரின் வேகம், அடியில் கிடக்கும் சேறு. ஒன்றிலிருந்து பக்கத்துச் சதுரத்துக்கு எவ்வளவு சேறு போகிறது என்று கணினி கூட்டிக் கழித்துக்கொண்டே போகும். கோடையில் என் ஏரியும் உங்கள் ஏரியும் ஒன்று போலவே நடந்துகொள்கின்றன. எனக்கே ஆச்சரியம்.

சிக்கல் குளிர்காலத்தில். ஏரி உறைந்ததும் பானைக்கு மூடி போட்டது போல ஆகிவிடுகிறது. காற்று தொடாது, அலை கிடையாது. அணைக் கதவை முழுக்கத் திறந்துவிட்டும் பார்த்தேன். இடுக்கில் நீர் ஓடுகிறது, அது உண்மை. ஆனால் ஆலைக்குழியின் அடிக்கு வரும்போது அது ஊர்வதோடு சரி. சேற்றைக் கிளப்பும் பலம் அதற்கு இல்லை, அண்ணி. எப்படிப் போட்டாலும் இல்லை. என் கணக்கில் சேறு தூங்குகிறது. மே மாதம் குப்பியில் எடுத்த தண்ணீரில் பாதரசம் இருக்கிறது.

"அளவெடுத்ததுல தப்புன்னு எழுதிட்டு மூடி வை, ஐலா. அடுத்த ஏரி காத்துக்கிட்டிருக்கு" என்கிறார் என் மேலதிகாரி. எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஒன்று கேட்கலாமா? குளிர்காலத்தில் பனிக்கு அடியில் நீங்கள் வலை இழுக்கும் இடங்கள், நாட்கள், எத்தனை தடவை, அடியைத் தொட்டு இழுக்கிறீர்களா என்பதையெல்லாம் எழுத முடியுமா? போன இரண்டு வருடத்துக்கும் சேர்த்து. எல்லா ஏரிகளுக்கும் கேட்கிற வழக்கமான கேள்விதான்.

நீங்கள் முதலில் நடக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். கவனமாக நடங்கள்.

ஐலா


லெப்பாலா
20 மார்ச் 1994

ஐலா,

இந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்த நாளிலிருந்து என் வேலையைப் பற்றி நீ கேட்ட முதல் கேள்வி இது. படித்துவிட்டு எய்னோவிடம் வாசித்துக் காட்டினேன். "பாத்தியா, நான் சொல்லல?" என்று மார்தட்டிக்கொண்டார். ஏதோ அவர் பெற்று வளர்த்த பெண் போல.

எனக்குத் தேதி நிற்காது, ஒவ்வொரு தேதிக்கும் நாட்காட்டியில் போட்டிருக்கும் ஆள் பெயர்தான் நிற்கும். நாட்காட்டியை நீயே புரட்டிக்கொள். ஹெய்க்கி நாளில் தொடங்கினோம். பாவலி நாளில் மறுபடியும். மெழுகுவர்த்தித் திருநாளுக்கு மறுநாள் ஒன்று, அன்றைக்குக் குளிர் காதைக் கடித்துத் துப்பியது. மத்தி நாளில் இழுத்தபோது வலை அடியில் எதிலோ மாட்டி, இழுவை இயந்திரத்தின் கயிறு அறுந்து, வில்யோ உட்கார்ந்த இடத்திலேயே மல்லாந்து விழுந்தார். முந்தின இரண்டு வருடமும் ஏறக்குறைய இதே நாட்கள்தான்.

இவையெல்லாம் ஆலைக்குழிக்கு மேல் இழுத்தவை. மற்ற நாட்களில் பழைய இடங்கள்தான். தெற்குக் கரை, தீவுக்குப் பின்னால். அங்கே வலை அடியைத் தொடாது. குழியில் மட்டும் ஈயக் குண்டு கூடுதலாகக் கட்டி, அடி தொட இழுக்கிறோம். முய்க்கு இப்போதெல்லாம் ஆழத்துக்குப் போய்விட்டது. வலை கரிச்சட்டி போல வரும். மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் அலசுவோம். "மீன் பிடிக்க வந்தோமா, அடுப்பு வழிக்க வந்தோமா?" என்பார் வில்யோ.

வலையின் கடைசிப் பையை நான்தான் அவிழ்ப்பேன். வேறு யாரையும் தொட விடுவதில்லை. தலைவர் வேலை என்றால் அப்படித்தான். தொடக்கத்தில் பக்கத்து ஏரிக்காரர்கள், "பொம்பளை பின்னால போறீங்களாமே, காப்பி போட்டுத் தர்றாளா?" என்று இவர்களைக் கிண்டல் செய்தார்கள். எய்னோ, "இல்ல, நாங்கதான் அவளுக்குப் போட்டுத் தர்றோம்" என்று சொல்லிவிட்டார். அது உண்மையும்கூட.

உன் கட்டம் போட்ட ஏரியில் என் வலையையும் ஒரு மூலையில் வைத்துக்கொள். கோடையில் வருகிறாயா? நீராவிக் குளியலுக்குச் சவுனா சூடாகத்தான் இருக்கும். கல்லைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஹெல்வி


எஸ்போ
2 ஜூன் 1994

அன்புள்ள அண்ணிக்கு,

எங்கள் அறிக்கையை ஊருக்கு வாசிக்கும் திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு முன் இது உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். தொலைபேசியில் இரண்டு முறை எண்ணைச் சுழற்றிவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.

சேற்றைக் கிளப்புவது அணை இல்லை. உங்கள் வலை. நீங்கள் எழுதிய நாட்களில், நீங்கள் சொன்ன தடத்தில், என் ஏரியின் அடிச் சேற்றை எழுப்பிவிட்டுப் பார்த்தேன். பனிக்கு அடியில் அது வாரக்கணக்கில் அடங்காமல் மிதந்து, பனி உருகும்போது வெளியேறும் நீரோடு போகிறது. மூன்று மே மாதமும் குப்பித் தண்ணீரின் அளவு அப்படியே பொருந்திவிட்டது. இவ்வளவு அழகாகப் பொருந்திய கணக்கை நான் வாழ்க்கையில் போட்டதில்லை. அது பொருந்தாமல் போயிருக்கக் கூடாதா என்று இருக்கிறது.

வழக்கமான கேள்வி என்று எழுதியது பொய். சந்தேகம் வந்த பிறகுதான் கேட்டேன். சந்தேகம் என்று சொன்னால் நீங்கள் பதில் எழுதமாட்டீர்கள் என்று பயந்தேன்.

குழிக்கு மேல் மட்டும் இழுக்காமல் இருந்தால் போதும், ஓரிரு வருடத்தில் தண்ணீர் தெளிந்துவிடும் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறேன். மற்ற இடங்களில் உங்கள் தொழிலுக்குத் தடை வராது.

கூட்டத்துக்கு நான் வரவில்லை. என்னை அனுப்பவில்லை என்று சொல்லலாம். நானும் கேட்கவில்லை.

ஐலா


லெப்பாலா
9 ஜூன் 1994

ஐலா கோர்ப்பிக்கு,

உன் கடிதம் கூட்டம் முடிந்த மறுநாள் வந்தது. தபால்காரரைக் குறை சொல்லமாட்டேன். அவர் பாவம், யாருடைய கழுத்தை அறுக்கும் கத்தியைக் கொண்டுவருகிறோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பள்ளிக்கூடத்தில் நிற்க இடமில்லை. உன் அலுவலகத்து இளைஞன் ஒருவன் வந்து சுவரில் படம் காட்டினான். நம் ஏரி. ஆலைக்குழியிலிருந்து ஒரு கறுப்புக் கறை கிளம்பி, வளர்ந்து, தண்ணீர் வெளியேறும் வாய் வரைக்கும் போகிறது. ஓரத்தில் ஒரு பட்டியல். ஹெய்க்கி நாள், பாவலி நாள் எல்லாவற்றையும் தேதியாக மாற்றியிருந்தாய். கீழே சின்ன எழுத்தில் "தகவல்: ஹெல்வி கோர்ப்பி". சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைச் சுவரில் போட்டு ஊருக்கே காட்டினார்கள்.

அணைக்காரர்களின் வக்கீல் எழுந்தார். "அப்போ நீங்களே கலக்கிட்டு, எங்க மேல வழக்கும் போட்டிருக்கீங்க?" என்றார். பின்வரிசையில் சிரித்தார்கள். நம் ஊர்க்காரர்கள்தான் சிரித்தார்கள். பேக்கரிக்காரி, "மூணு வருஷமா எங்க பிள்ளைங்க அந்தத் தண்ணியிலதான் குளிச்சுது, ஹெல்வி" என்றாள். அவள் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னாள்.

பிறகு உன் இளைஞன் கேட்டான்: "அந்த இடத்துல எதுக்காக வலை போட்டீங்க?" வில்யோ எழுந்து, தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே, "மீனுக்குத்தான். வலையை வேற எதுக்குப் போடுவாங்க?" என்றார். எய்னோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்களும் அப்படியே. ஊரைக் கெடுத்தவர்கள் என்று எல்லோரும் பார்க்க, ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

நீ இந்த ஊரில் பிறந்தவள். ஆலைக்குழியில் யாராவது மீனுக்கு வலை போடுவார்களா? உன் அப்பா அந்தக் குழிக்கு மேல் படகைக்கூட நிறுத்தமாட்டார் என்று நீதானே கல்யாணமான புதிதில் எனக்குச் சொன்னாய்! முய்க்கு ஆழத்துக்குப் போய்விட்டது என்று நான் எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். நீ அதை அப்படியே விழுங்கிவிட்டாய்.

நான் தேடியது மீனை அல்ல. உன் அண்ணனை.

போலீஸ்காரர்கள் கொக்கி போட்டு ஒரு வாரம் தேடினார்கள். இத்தனை நாள் மேலே வராதவர் குளிர்ந்த ஆழத்தில்தான் கிடப்பார், குழிக்குத்தான் போயிருப்பார் என்று சொல்லிவிட்டுக் கொக்கியைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். நீ கல் நட்டாய். என்னிடம் வலை இருந்தது. அந்த முதல் ஹெய்க்கி நாள் காலையில் நான் வழக்கமான இடத்துக்குப் போகாமல் குழியைப் பார்த்து நடந்தேன். பின்னால் சறுக்குவண்டிச் சத்தம் வருகிறதா என்று திரும்பிப் பார்க்கப் பயம். வந்தது. எல்லோரும் வந்தார்கள். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்று குளிர்காலமாகக் கேட்கவில்லை. வலை அவிழ்க்கும்போது மட்டும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நிற்பார்கள்.

எங்கே, எப்போது, எத்தனை தடவை என்று கேட்டாய். ஏன் என்று கேட்கவில்லை. உன் கட்டங்களில் அதற்கு இடம் இல்லையோ என்னவோ.

இனி எழுதாதே.

ஹெல்வி


எஸ்போ
25 ஜூன் 1994

அண்ணி,

எழுதாதே என்றீர்கள். இந்த ஒன்று மட்டும். பதில் வேண்டாம்.

எனக்குத் தெரியாது. அதுதான் வெட்கக்கேடு. தெரிந்திருக்க வேண்டியவள் நான் ஒருத்திதான். குழிக்கு மேல் வலை என்று படித்ததும் ஒரு நொடி கை நின்றது. அப்பாவின் படகு நினைவுக்கு வந்தது. பிறகு கணக்கு பொருந்தத் தொடங்கிவிட்டது, அண்ணி. பொருந்தத் தொடங்கினால் வேறெதுவும் கண்ணில் படுவதில்லை. என் தொழிலின் நோய் அது. ஏரி உறைந்ததும் மனிதர்கள் கரையேறிவிடுவார்கள் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறவர்கள் நாங்கள்.

சேற்றின் ஒவ்வொரு பொடியும் எங்கே போகிறது என்று விரட்டி விரட்டித் தேடினேன். என் அண்ணன் எங்கே போனார் என்று ஒரு நாளும் தேடவில்லை. கல் நட்டால் நீங்கள் அழுது முடிப்பீர்கள் என்று எல்லோரிடமும் சொன்னேன். உங்களுக்காக அல்ல. எனக்கு முடிய வேண்டியிருந்தது.

நடுக்கோடைத் திருநாள் இன்று. இங்கே எல்லோரும் தீ மூட்டப் போய்விட்டார்கள். நீங்கள் ஏரிக்கரையில் தனியாக உட்கார்ந்திருக்க மாட்டீர்கள், எய்னோ இருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஐலா


லெப்பாலா
18 செப்டம்பர் 1994

ஐலா,

வழக்குத் தள்ளுபடியாகிவிட்டது. மீனைப் புகையில் வாட்டி நாங்களே தின்கிறோம். வில்யோவுக்கு வயிறு முன்னால் வந்துவிட்டது. பேக்கரிக்காரி இப்போது சரியாகப் பேசுகிறாள். குழியில் நாங்கள் எதைத் தேடினோம் என்று யார் சொன்னார்களோ தெரியாது. நான் சொல்லவில்லை.

ஒன்று கேட்கிறேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று எண்ணிவிடாதே.

ஆலை விட்ட சேறு இத்தனை வருடம் கழித்து எங்கே போகிறது என்று உன் இயந்திரத்துக்குத் தெரிகிறது. ஓர் ஆள் எங்கே போவார் என்று தெரியுமா? இடுக்கில் எந்த இடம் என்று நான் காட்டுகிறேன். அவருடைய கடப்பாரை பனியில் குத்தியபடி நின்றது. அங்கே ஒரு புள்ளி வைத்திருக்கிறேன், வரைபடம் உள்ளே இருக்கிறது. எடை நூறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ரோமக் கோட்டு, ரப்பர் பூட்ஸ். அன்றைக்கு அணைக் கதவு எவ்வளவு திறந்திருந்தது என்று உன்னிடம் இருக்கும்.

எனக்கு ஒரே ஒரு புள்ளி போதும்.

ஹெல்வி


எஸ்போ
30 அக்டோபர் 1994

அன்புள்ள அண்ணிக்கு,

ஆறு வாரம் எடுத்துக்கொண்டேன். பகலில் மற்ற ஏரிகள், வேலை முடிந்த பிறகு இது. மேலதிகாரி ஒரு நாள் பின்னால் வந்து நின்று, "இது எந்த ஏரி, ஐலா? கோப்பு எண் இல்லையே?" என்றார். சொன்னேன். போய், எனக்கு ஒரு காப்பி கொண்டுவந்து வைத்தார்.

இந்த முறை எதையும் மறைக்கப் போவதில்லை.

ஒரு புள்ளி என்னால் தர முடியாது. சேற்றுக்கும் அப்படித்தான். ஒரு பொடி எங்கே போகும் என்று கணக்கு ஒருபோதும் சொல்லாது. ஆயிரம் பொடியை விட்டால், எத்தனை எங்கே போய்ச் சேரும் என்று சொல்லும். அதனால் உங்கள் புள்ளியில் ஆயிரம் தவுனோக்களை விட்டேன். ஒருவர் விழுந்த உடனே அமிழ்கிறார், ஒருவர் சற்றுப் பொறுத்து. ஒருவருடைய கோட்டில் காற்று இருக்கிறது, ஒருவருடையதில் இல்லை. முதல் தடவை ஓடவிட்டபோது என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை. சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். உங்கள் ஆட்கள் ஏன் திரும்பி நின்றார்கள் என்று அப்போது புரிந்தது.

வரைபடத்தை இணைத்திருக்கிறேன். சாம்பல் நிறத்தில் கறை போல இருப்பதுதான் அவர்கள். இடுக்கில் அன்று நீர் நல்ல வேகத்தில் ஓடியது. அது அவர்களைக் குழியின் பக்கம் விடவில்லை. ஏரிக்கு அடியில் பழைய ஆற்றின் பள்ளம் ஒன்று இருக்கிறதே, ஊருக்கு முன்னால், தேவாலயம் வரைக்கும் போவது? பெரும்பாலோர் அதில் இறங்கிவிட்டார்கள். அங்கேயும் ஆழம், அங்கேயும் குளிர். யாரும் மேலே வரமாட்டார்கள். வெட்டுமரம் மிதக்கவிட்ட காலத்தில் மூழ்கிய மரங்கள் அங்கே குறுக்கும் நெடுக்குமாகக் கிடப்பதால் எந்த வலையும் இறங்காது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

ஆலைக்குழிக்குப் போனவர்கள் நாற்பது பேர். ஆயிரத்தில் நாற்பது. இதையும் எழுதிவிடுகிறேன்: அவர் அந்த நாற்பதில் ஒருவராக இருந்தால், மூன்று குளிர்காலமாக வலை கிளப்பிய சேறு திரும்ப அவர்மேல்தான் படிந்திருக்கும். இனி இழுத்தால் இன்னும் படியும்.

இன்னொன்று. அணை சேற்றைக் கிளப்பவில்லை. ஆனால் அந்த வாரம் கதவு திறந்திருந்த அளவுக்கு, இடுக்கில் பனி கெட்டிப்பட்டிருக்க வழியே இல்லை. நீங்கள் இத்தனை நாள் சொன்னது சரி. யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கணக்கை என் பெயரில், என் கையெழுத்தோடு நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டேன். இறந்தவரின் தங்கை என்றும் எழுதியிருக்கிறேன். அதனாலேயே அதைத் தள்ளிவிடுவார்கள் என்கிறார் மேலதிகாரி. தள்ளட்டும்.

மெழுகுவர்த்தி ஒன்றும் வைத்திருக்கிறேன். இந்த வருடமும் அலமாரிக்குத்தான் என்றால் அங்கேயே இருக்கட்டும்.

ஐலா


லெப்பாலா
27 டிசம்பர் 1994

அன்புள்ள ஐலா,

ஒரு புள்ளி கேட்டேன். நீ ஊர் நீளத்துக்கு ஒரு கறையை அனுப்பினாய். அதைப் பார்த்த அன்று அடுப்பில் போட்டிருப்பேன். எய்னோ பிடுங்கிக்கொண்டார்.

அவர் வீட்டு மேசைமேல் விரித்து வைத்தோம். இழுவலைக்காரர்கள் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பிறகு வில்யோ, "இவ்வளவு இடமா? உயிரோட இருந்தப்ப பெஞ்சுல பாதியைத்தான் அடைச்சுக்குவான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு நிற்பதற்குள் வில்யோவுக்கு அழுகை வந்துவிட்டது, பெரிய ஆண் அழுவதைப் பார்க்க எங்களுக்குத் தெரியவில்லை, காப்பி போட எழுந்துவிட்டோம்.

அப்போதுதான் எய்னோ சொன்னார்: "வலை இறங்காது. சரி. விளக்கு இறங்கணும்னு அவசியமில்லையே. மேல வெச்சாப் போதும்."

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் நான் கடப்பாரையோடு முதலில் நடந்தேன். நல்ல பனி. பின்னால் அவர்கள் ஊசியிலைக் கிளைகளை நட்டுக்கொண்டே வந்தார்கள், பனிச்சாலைக்கு அடையாளம் வைப்போமே, அது போல. உன் கறையின் ஓரத்தை அப்படியே ஏரியின்மேல் வரைந்துவிட்டோம். இடுக்கின் கிட்டே மட்டும் எய்னோ என்னை விடவில்லை. மூன்று மணிக்கு இருட்டத் தொடங்கியதும், கிறிஸ்துமஸ் வழக்கப்படி கல்லறைத் தோட்டத்துக்கு விளக்கு வைக்கப் போன சனம் முழுவதும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு ஏரிக்கு இறங்கி வந்தது. யாரும் கூப்பிடவில்லை. பேக்கரிக்காரி ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்தாள். இடுக்கிலிருந்து தேவாலயம் வரைக்கும், ஐலா, ஊருக்கு முன்னால் முழுக்க விளக்கு. காற்றே இல்லை. ஒன்றுகூட அணையவில்லை.

எங்கேயோ ஒன்றுக்குக் கீழே அவர் இருக்கிறார். எது என்று தெரியாததால் எல்லாவற்றின் முன்னாலும் நின்றேன். மூன்று வருடமாக அழுகை வராமல் கிடந்தவள், அன்றைக்குப் போதும் போதும் என்கிற வரைக்கும் அழுதேன். மறுநாள் மெழுகுவர்த்தி எரிந்த தகரக் குப்பிகளையெல்லாம் பொறுக்கிவிட்டோம். ஏரியில் குப்பை போட்டார்கள் என்று உன் அலுவலகம் இன்னொரு படத்தோடு வந்து நிற்கப் போகிறதே!

ஆலைக்குழியில் இனி வலை இறங்காது. நீ சொன்னதற்காக அல்ல. அவர்மேல் இன்னும் சேறு விழக் கூடாது.

கல்லுக்கு நான் இன்னும் போகவில்லை. வசந்தத்தில் நீ வந்தால், கையைப் பிடித்துக்கொண்டு போகலாம். தனியாக எனக்கு வராது.

நீ அனுப்பிய மூன்று மெழுகுவர்த்திகளையும் அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன். ஊர் வைத்த விளக்குகளோடு அவற்றை வைக்கவில்லை. எல்லோரும் வீட்டுக்குத் திரும்பிய பிறகு நானும் வில்யோவும் ஆலைக்குழி வரைக்கும் நடந்து, மூன்றையும் அங்கே ஏற்றிவிட்டு வந்தோம். ஆயிரத்தில் நாற்பது பேர் அங்கே போனார்கள் என்று நீதானே எழுதியிருந்தாய். அவர்களை மட்டும் இருட்டில் விட மனம் வரவில்லை.

உன் அண்ணி
ஹெல்வி